இல்லாத எஞ்சினைச் சுமக்கும் இறக்கை: மெஸ்ஸர்ஷ்மிட் 262 மறுஆக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லோ குரோவ் கடற்படை விமானத் தளத்தில், ஒரு பழைய ஜெர்மானியப் போர்விமானம் பல பத்தாண்டுகளாகத் திறந்த வெளியில் நின்றிருந்தது. மழையும் பனியும் அதன் உலோகத் தோலை அரித்துக்கொண்டிருந்தன. அது மெஸ்ஸர்ஷ்மிட் 262 வகையின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். தொழிற்சாலை எண் 110639. உலகில் முதன்முதலாகப் போர்க்களத்தில் பயன்பட்ட ஜெட் போர்விமான வகை அதுதான். 1945இல் ஜெர்மனி வீழ்ந்தபின், கர்னல் ஹரால்ட் வாட்சன் தலைமையில் சென்ற அமெரிக்கக் குழுவினர் லெக்ஃபெல்ட் தளத்திலிருந்து இவ்வகை விமானங்களைப் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்று, ‘ரீப்பர்’ என்னும் கப்பலில் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடத்திக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவற்றுள் ஒன்று இப்படி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

1990களில் இந்த விமானத்தை முன்வைத்து ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. அரித்துப்போன விமானத்தை ஒரு குழு எடுத்துச் சென்று முழுவதுமாகச் சீரமைத்துத் திருப்பித் தரும். அதற்குக் கூலியாக, சீரமைக்கும் காலத்தில் அதைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு பறக்கக்கூடிய புதிய விமானங்களைக் கட்டிக்கொள்ளும். கடற்படைக்குப் பணச்செலவு இல்லை. குழுவுக்கோ காசு கொடுத்தாலும் கிடைக்காத மாதிரி கையில் கிடைக்கிறது. பழம்பொருள் உலகில் இவ்வளவு நேர்மையான பண்டமாற்று அரிது.

இத்திட்டத்தின் தொடக்கத்திலிருந்து, ஐந்து விமானங்களுக்கு எண் ஒதுக்கி அவற்றுட் சிலவற்றை வானில் ஏற்றியது வரையிலான கதையில், மறுஆக்கம் செய்வோர் எதிர்கொள்ளும் ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றையே இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பொருளைப் பிசகாமல் நகலெடுக்க முயல்பவர் ஓரிடத்தில் மட்டும் மாற்றம் செய்தால், அந்த மாற்றம் மற்ற இடங்களில் என்னென்ன கேட்கும் என்பதே அக்கேள்வி.

தொடக்கமும் இடமாற்றமும்

1993இல் திட்டத்தைத் தொடங்கியவர் ஸ்டீவன் ஸ்னைடர். பாரசூட் துறையில் பெயர்பெற்றவர். பழைய போர்விமானங்களைத் தாமே ஓட்டியவர். கட்டும் பணி முதலில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஹெர்ப் டிஷ்லர் நடத்திய டெக்சாஸ் ஏர்ப்ளேன் ஃபேக்டரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930களின் குரும்மன் எஃப்3எஃப் இரட்டை இறக்கை விமானங்களைப் புதிதாகக் கட்டிய பட்டறை அது. ஆகவே, வரைபடம் இல்லாத விமானத்தை எச்சங்களிலிருந்து அளந்து கட்டும் கலை அங்கிருந்தவர்களுக்குப் பழக்கமானது. ஆயினும் வேலை எண்ணிய வேகத்தில் நகரவில்லை. 1990களின் இறுதியில், பாதி முடிந்த உடற்பகுதிகளும் அச்சுகளும் கருவிகளும் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட்டில் உள்ள பெயின் ஃபீல்ட் விமான நிலையத்துக்கு மாற்றப்பட்டன. போயிங் நிறுவனத்தின் பெரும் தொழிற்சாலை அதே ஓடுபாதையை ஒட்டி இருக்கிறது. அங்கு பணியாற்றி ஓய்வுபெற்ற பாப் ஹேமர் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார். பெரிய பயணிகள் விமானங்களின் உலகிலிருந்து வந்தவர்கள் சேர்ந்தபின், பட்டறைக் கைத்திறனோடு தணிக்கையும் ஆவணமும் சேர்ந்துகொண்டன.

ஸ்னைடர் இவ்விமானம் பறந்ததைப் பார்க்கவில்லை. 1999இல் தம்முடைய எஃப்-86 சேபர் விமானத்தில் பறந்தபோது நேர்ந்த விபத்தில் அவர் இறந்தார்.

அளப்பதில் உள்ள சிக்கல்

மூல வரைபடங்கள் முழுமையாகக் கிடைக்காத நிலையில், ஒரே ஒரு மாதிரியைப் பிரித்து அளந்து கட்டுவது கேட்பதற்கு எளிது. நடைமுறையில், அளவுகோல் காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்புவது என்பதே முதல் தலைவலி. அரைநூற்றாண்டு வெளியில் நின்ற விமானத்தின் ஒரு விலாச்சட்டம் இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தால், அது வடிவமைத்தவர் நினைத்த வளைவா, 1945இல் அவசரத்தில் தட்டிப் பொருத்தியவர் செய்த கோணலா, கப்பலில் ஏற்றும்போது அடிபட்டதா என்று அந்தச் சட்டமே சொல்லாது. இடப்புறத்தை வலப்புறத்தோடு ஒப்பிட்டும், அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் பிற விமானங்களோடு சரிபார்த்தும், கடைசியில் பொறியியல் அறிவைக் கொண்டும்தான் முடிவெடுக்க முடியும். நகலெடுப்பவர் ஒருவகையில் சுவடி பதிப்பிப்பவரின் நிலையில் இருக்கிறார்: ஏடு எழுதியவரின் பிழையையும் நூலாசிரியரின் சொல்லையும் பிரித்தறிய வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஒற்றைப் படி.

போர்க்காலத் தயாரிப்பின் தரம் இச்சிக்கலைக் கூட்டியது. 262இன் உலோகத் தகடுகளுக்கு இடையிலான இடைவெளிகளைப் பூச்சுக்களிம்பால் நிரப்பி மழமழப்பாக்குவது அன்றைய வழக்கம். சீரான மேற்பரப்பு என்று வெளியிலிருந்து தெரிவது, உள்ளே பார்த்தால் ஒட்டுப்போட்ட வேலை. புதிய விமானத்தில் அதை அப்படியே செய்வதா, துல்லியமாகத் தகடு வெட்டிப் பொருத்துவதா? இரண்டாவது வழியே அறிவுடையது. ஆனால் அப்படிச் செய்த கணத்திலேயே, புதிய விமானம் பழைய விமானங்களுள் எதனையும்விட நன்றாகக் கட்டப்பட்டதாகிவிடுகிறது.

எஞ்சின்

மெ-262இன் உயிர் யுங்கர்ஸ் ஜூமோ 004 எஞ்சின். எட்டு அடுக்கு அச்சுவழி அமுக்கி, ஆறு எரியறைகள், ஒற்றை அடுக்குச் சுழலி. ஏறத்தாழ 720 கிலோ எடை. ஏறத்தாழ 900 கிலோ உந்துவிசை. வடிவமைப்பு காலத்தை முந்தியது. உலோகமோ காலத்துக்கும் பின்தங்கியது. நிக்கலும் கோபால்ட்டும் கிடைக்காத ஜெர்மனியில், எரியறைகளைச் சாதாரண எஃகுத் தகட்டில் செய்து, வெப்பத்தைத் தாங்க அலுமினியப் பூச்சுக் கொடுத்தார்கள். சுழலியின் இதழ்களை உட்குழிவாகச் செய்து காற்றோட்டத்தால் குளிர்வித்தார்கள். இத்தனை சாமர்த்தியம் செய்தும், எஞ்சினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம் வரைதான். திராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை, விரைவாகத் தள்ளினால் எரியறையில் எரிபொருள் மிகுந்து சுழலி வெந்துபோகும், அல்லது தீ அணைந்துவிடும். ஆகவே விமானி குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் நிதானமாகத் தள்ள வேண்டும். தரையிறங்க வரும்போது மறுபடி மேலேறும் வேகமான மாற்றம் இயலாது. நேச நாட்டு விமானிகள் இதை அறிந்து, 262கள் இறங்கும் நேரத்திலும் ஏறும் நேரத்திலும் ஓடுபாதைகளின் அருகே காத்திருந்து சுட்டார்கள்.

இந்த எஞ்சினைப் புதிதாகச் செய்து பறப்பது அறிவுடைமையல்ல என்று திட்டக்குழு தொடக்கத்திலேயே முடிவுகட்டியது. பதிலாகத் தேர்ந்தது ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிஜே610. எஃப்-5, டி-38 ஆகிய அமெரிக்க ராணுவ விமானங்களில் உள்ள ஜே85 எஞ்சினின் குடிமைப் பதிப்பு இது. லியர்ஜெட் என்னும் சிறிய தனியார் ஜெட் விமானங்களின் முதல் தலைமுறை இதைக் கொண்டே பறந்தது. எடை சுமார் 180 கிலோ. உந்துவிசை சுமார் 1,300 கிலோ. அதாவது, கால்பங்கு எடையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசை. விட்டமும் சிறியது. ஜூமோவின் வெளி உருவத்தை ஒத்த உறைக்குள் இதை ஒளித்துவைத்துவிட முடிந்தது. மூடியைத் திறந்து பார்த்தால்கூட, முதல் பார்வையில் பழைய எஞ்சின் என்றே தோன்றும்படி செய்தார்கள். மாறிய எஞ்சினைக் குறிக்க, வகைப்பெயரின் இறுதியில் ‘சி’ என்ற எழுத்தை மெஸ்ஸர்ஷ்மிட் அறக்கட்டளையின் இசைவோடு சேர்த்தார்கள்: ஒற்றை இருக்கை ஏ-1சி, இரட்டை இருக்கை பி-1சி.

இங்கேதான் நான் இந்த ஆய்வின் மையம் என்று கருதும் முரண் தலைகாட்டுகிறது. மெ-262ஐப் பார்ப்பவர் எவரும் முதலில் கவனிப்பது அதன் பின்சாய்ந்த இறக்கைகளை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எழும் எதிர்ப்பைக் குறைக்கவே ஜெர்மானியர் அப்படி அமைத்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மை அவ்வளவு தீர்க்கதரிசனமானதல்ல. விமானத்தை வடிவமைக்கத் தொடங்கியபோது எஞ்சின்கள் இன்னும் காகிதத்தில் இருந்தன. அவை எதிர்பார்த்ததைவிட எடை கூடியும் பெரிதாகவும் வரும் என்று தெரிந்தபின் ஈர்ப்பு மையம் இடம் மாறியது. முழு விமானத்தையும் திருத்தி வரைவதைவிட, வெளி இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்துத் தூக்குவிசையின் மையத்தை நகர்த்திக்கொள்வது எளிது என்று 1940இல் முடிவெடுத்தார்கள். 18.5 பாகைச் சாய்வு வந்தது அப்படித்தான். பாரமான எஞ்சினுக்காகச் சாய்ந்த இறக்கை அது.

அந்த எஞ்சின் போய்விட்டது. இறக்கைக்கு அடியில் இருந்த 1,440 கிலோ 360 கிலோவாகச் சுருங்கிவிட்டது. சாய்வு மட்டும் பாகை பிசகாமல் அப்படியே இருக்கிறது. புதிய விமானம் தன்னிடம் இல்லாத ஓர் எஞ்சினின் எடைக்கு விடையாக அமைந்த உடலைச் சுமந்து பறக்கிறது. இது வெறும் வேடிக்கை அல்ல. கட்டுபவருக்குக் கணக்கு வேலை. எஞ்சின்கள் இலகுவானதோடு, மூக்கில் இருந்த நான்கு 30 மில்லிமீட்டர் எம்கே 108 பீரங்கிகளும் அவற்றின் குண்டுகளும் இப்போது இல்லை. பறக்கும் நிலையில் சமநிலை கெடாதிருக்க வேண்டுமானால், போன எடைகள் ஒவ்வொன்றுக்கும் எங்கே, எவ்வளவு ஈடுகட்டுவது என்று நிறுத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

விசை கூடியதும் இதே போன்ற மறைமுகக் கடனைக் கொண்டுவருகிறது. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றதன் விசை விமானத்தை ஒருபக்கமாகத் திருப்ப முயலும். அதை எதிர்ப்பது வால் சுக்கான். 262இன் வால், பக்கத்துக்கு 900 கிலோ விசையை எதிர்பார்த்து அளவிடப்பட்டது. 1,300 கிலோவை முழுதாகத் திறந்துவிட்டு, குறைந்த வேகத்தில் ஓர் எஞ்சினை இழந்தால், சுக்கானை இறுதிவரை மிதித்தும் நேராக்க முடியாத நிலை வரும். மேல்பக்க வேகத்திலும் வரம்பு உண்டு. ஒலியின் வேகத்தில் 86 விழுக்காட்டைத் தாண்டினால் 262இன் மூக்கு தானாகத் தாழ்ந்து கட்டுப்பாடு கைவிட்டுப் போகும் என்று போர்க்காலச் சோதனைகளே காட்டியிருந்தன. ஆகவே, புதிய எஞ்சினின் கூடுதல் வலுவில் பெரும்பகுதி பயன்படுத்துவதற்கு அல்ல. கைவசம் இருக்கிறது என்ற நிம்மதிக்குத்தான். உண்மையான ஆதாயம் வேறு: திராட்டிலைத் தள்ளினால் உடனே கேட்கும், தீ அணையாது, பத்து, இருபது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

பிரேக்கும் சக்கரக் காலும்

1942 ஜூலை 18இல் ஃபிரிட்ஸ் வெண்டல் லைப்ஹைம் ஓடுபாதையில் ஜெட் விசையில் மட்டும் முதன்முறையாக ஒரு 262ஐ எழுப்பியபோது, அந்த விமானத்துக்கு மூக்குச் சக்கரம் கிடையாது, வால்சக்கரம்தான். மூக்கு மேல்நோக்கி நின்றதால் மூக்கை ஏற்றி இறக்கும் வாலின் கிடைச்சுக்கானுக்குக் காற்றே எட்டவில்லை. ஓட்டத்தின் நடுவே பிரேக்கைச் சற்றே தட்டி வாலைத் தூக்கச் செய்துதான் அவர் எழும்பினார். இப்படி ஒரு வித்தையை நம்பி ஒரு வான்படையை நடத்த முடியாது. பிறகு மூக்குச் சக்கர அமைப்பு வந்தது. ஆயினும் சக்கரக் கால்களும் பிரேக்குகளும் இவ்வகையின் பலவீனமாகவே நீடித்தன. மூக்குச் சக்கரம் மடங்கிச் சேதமான விமானங்கள் பல.

மறுஆக்கக் குழு இதை அறிந்திருந்தது. பிரேக்குகளை மேம்படுத்தினார்கள், சக்கரக் கால்களை வலுப்படுத்தினார்கள். வெளித்தோற்றத்தில் கைவைக்காமல், உயிருக்கு ஆபத்தான இடங்களில் மட்டும் மாற்றுவது என்பது அவர்கள் கொண்ட விதி. விதி நல்லதுதான்.

2002 டிசம்பர் 20இல், ஜெர்மானிய வான்படையில் எஃப்-104 போர்விமானம் ஓட்டிய அனுபவமுள்ள வுல்ஃப்காங் சாயா, பெயின் ஃபீல்டில் முதல் விமானத்தை வானில் ஏற்றினார். ஜெர்மனி வீழ்ந்து 57 ஆண்டுகளுக்குப் பிறகு, புதிதாகக் கட்டிய ஒரு 262 பறந்தது. மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. 2003 ஜனவரி 18இல், இரண்டாவது பறப்பின் முடிவில் தரையிறங்கியபோது இடப்புறச் சக்கரக் கால் மடங்கியது. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடுபாதையில் உராய்ந்து நின்றது. விமானிக்குக் காயமில்லை. சேதத்தைச் சரிசெய்து மீண்டும் பறக்கவிட ஓர் ஆண்டுக்கும் மேலாயிற்று.

பறப்பு பற்றிய எல்லா ஐயங்களும் எஞ்சினைச் சுற்றியே இருந்த திட்டத்தில், எஞ்சின் ஒரு சிணுக்கமும் காட்டவில்லை, கால்தான் காட்டியது. எனக்கு இதில் வியப்பில்லை. எஞ்சின் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகி, பல்லாண்டு பறந்து, குறைகள் அனைத்தும் வெளிப்பட்டுத் திருத்தப்பட்ட பொருள். சக்கர அமைப்போ பழைய வடிவும் புதிய வலுவும் கலந்த, அதுவரை எவரும் பறந்து பார்த்திராத ஒன்று. முற்றிலும் பழையதற்கு வரலாறு சாட்சி சொல்லும். முற்றிலும் புதியதற்குச் சோதனைக்கூடம் சாட்சி சொல்லும். இரண்டும் சேரும் மூட்டுக்கு முதல் சில பறப்புகளே சாட்சி. மறுஆக்கத்தில் இறங்குவோர் தம் சோதனை நேரத்தையும் பணத்தையும் அந்த மூட்டுகளில் கூடுதலாகச் செலவிடுவது நல்லது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

எண்களின் தொடர்ச்சி

மெஸ்ஸர்ஷ்மிட் அறக்கட்டளை இத்திட்டத்துக்கு ஒரு மதிப்பை வழங்கியது. புதிய ஐந்து விமானங்களும் நகல் என்று அழைக்கப்படாமல், போர்க்காலத்தில் நின்றுபோன தொழிற்சாலை எண் வரிசையின் தொடர்ச்சியாகவே எண்ணிடப்பட்டன: 501241 முதல் 501245 வரை. ஏறத்தாழ 60 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதே வரிசை தொடர்கிறது. விமான ஆர்வலர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்கு இந்தப் பெருமையில் முழு மனம் ஒன்றவில்லை. அந்த எண்வரிசை எங்கே முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குண்டுவீச்சுக்குத் தப்ப, 262இன் உற்பத்தி நிலத்தடிக்குப் போயிற்று. ஆஸ்திரியாவின் சாங்க்ட் கியோர்கனில், ‘பெர்க்கிரிஸ்டல்’ என்று பெயரிடப்பட்ட சுரங்கங்களில், கூசன் வதைமுகாமின் கைதிகள் இவ்விமானத்தின் உடற்பகுதிகளைச் செய்தார்கள். துரிங்கியாவின் காலா அருகே மலையைக் குடைந்த தொழிற்சாலையில் பல நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். சுரங்கம் தோண்டியும் பட்டினியாலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். களிம்பால் நிரப்பிய இடைவெளிகளைப் பற்றி மேலே எழுதியபோது ‘ஒட்டுப்போட்ட வேலை’ என்று சொல்லிக் கடந்தேன். அந்த வேலையைக் கைகளால் செய்தவர்களில் பலர் இவர்கள். புதிய விமானத்துக்கு எவரெட்டில் ஊதியம் பெற்று உழைத்தவர்கள் இட்ட எண், இவர்கள் கைப்பட்ட எண்ணுக்கு அடுத்ததாக வருகிறது. எண்ணை விலக்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பறக்கும் காட்சியின்போது ஒலிபெருக்கியில் வேகத்தையும் பீரங்கியையும் சொல்பவர் இதையும் ஒரு வாக்கியம் சொல்லலாம்.

விமானங்கள் சென்ற இடங்கள்

ஒப்பந்தப்படி, சீரமைத்த 110639 கடற்படையிடம் 2000இல் திரும்பிச் சேர்ந்தது; பின்னாளில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. புதியவற்றுள் 501241 முதலில் ஒரு தனி உரிமையாளருக்கும் பின்னர் பழைய விமானங்களைப் பேணும் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்கும் சென்றது. 2008 முதல் பயணிகளைப் பின்இருக்கையில் ஏற்றிப் பறக்கும் வாய்ப்பும் அதில் அளிக்கப்பட்டது. இரட்டை இருக்கை வடிவம் இங்கே வரலாற்று அழகுக்காக மட்டும் அல்ல, புதிய விமானிக்குப் பயிற்சி தரவும் பராமரிப்புக்குப் பணம் ஈட்டவும் பயன்பட்டது. பறக்காத ஒன்று 2010இல் ஓரிகன் மாநிலத்தின் எவர்கிரீன் அருங்காட்சியகத்தை அடைந்தது. மற்றொன்று வர்ஜீனியா பீச்சில் உள்ள ராணுவ விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

501244 தாய்நாடு திரும்பியது. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் சோதனைகளை முடித்து, பிரித்துக் கட்டி அனுப்பப்பட்டு, பவேரியாவின் மான்ஷிங்கில் மெஸ்ஸர்ஷ்மிட் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. 2006இல் பெர்லின் விமானக் கண்காட்சியில் மக்கள் முன் பறந்தது. கீழிருந்து பார்ப்பவருக்குச் சுறாமீன் போன்ற உடல், சாய்ந்த இறக்கை, தொங்கும் இரு குழல்கள், எல்லாம் 1945. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் 1960களின் லியர்ஜெட் ஒன்று போகிறது.

காதையும் ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில் போக வேண்டும். மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களுள் ஒருவரான பால் ஆலன், கலிஃபோர்னியாவில் இருந்த ஓர் அசல் 262ஐ 2000இல் வாங்கி அந்த வழியைத்தான் தேர்ந்தார்: ஜூமோ எஞ்சின்களையே, அன்று ஜெர்மானியருக்குக் கிடைக்காத உலோகங்களைக் கொண்டு புதுப்பிப்பது. அவருடைய விமானச் சேகரிப்பு அமைந்ததும் அதே பெயின் ஃபீல்டில்தான். ஒரே ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு குழு உடலைப் புதிதாகச் செய்து எஞ்சினை மாற்றியது. இன்னொரு குழு பழைய உடலை வைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் இருக்கும் உலோகத்தை மாற்றியது. இரண்டாவது வழியில் அந்த இறக்கைக்கு அதன் பாரம் திரும்பக் கிடைக்கிறது. கூடவே, திராட்டிலை நிதானமாகத் தள்ளும் பழைய பாடத்தையும் விமானி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.